அன்றாடத் திருப்பலி வாசகங்களும் இறைச்சிந்தனையும்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

“இன்னைக்கு வாசகம் எனக்காகவே எழுதின மாதிரி இருந்துச்சு.” திருப்பலி முடிந்து வெளியே வரும்போது இப்படி யாராவது சொல்லக் கேட்டிருப்பீர்கள். “ஃபாதர் யாரையோ மனசுல வச்சுத்தான் இந்த வாசகத்தை எடுத்திருக்கார்” என்ற பேச்சும் காதில் விழும். காலையில் கைப்பேசியில் வந்த நாலு வரிச் சிந்தனையைப் படித்துவிட்டு, அன்றைய இறைவார்த்தையையே படித்தாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வதும் உண்டு.

இப்படிச் சொல்பவர்கள் எல்லாருக்கும் இறைவார்த்தைமேல் ஆசை இருக்கிறது. ஆனால் அன்றாட வாசகம் எங்கிருந்து வருகிறது, எந்த ஒழுங்கில் வருகிறது, அதை வைத்துச் சிந்திப்பது என்றால் என்ன செய்வது என்று யாரும் அவர்களுக்கு உட்கார்ந்து சொல்லிக் கொடுத்ததில்லை. அதைத்தான் இங்கே அடிப்படையிலிருந்து பார்க்கப் போகிறோம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அன்றாட வாசகத்தின் பலமே அதை நாம் தேர்ந்தெடுக்கவில்லை என்பதுதான். இது புரிந்துவிட்டால் சிந்திக்கும் விதமும் தானாக மாறும்.

வாசகத்தை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்?

பெரும்பாலான நாள்களில் பங்குத்தந்தை தேர்ந்தெடுப்பதில்லை. எந்த நாளில் விவிலியத்தின் எந்தப் பகுதியை வாசிக்க வேண்டும் என்று திருச்சபை ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அந்தப் பட்டியலின்படி வாசகங்களைத் தொகுத்துத் தரும் நூலுக்கு வாசக நூல் என்று பெயர். திருமணம், அடக்கத் திருப்பலி, சில புனிதர்களின் நினைவுநாள் போன்ற சமயங்களில் அருள்பணியாளருக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு. மற்ற நாள்களில் நூல் சொல்வதைத்தான் அவரும் வாசிக்கிறார். மறையுரை உங்கள் வீட்டுச் சண்டையைப் பற்றியே பேசியதுபோல் இருந்தாலும், வாசகத்தை அவர் அதற்காகத் தேடிப் பிடிக்கவில்லை.

கூடிவந்து மறைநூலை வாசித்துக் கேட்கும் வழக்கம் மிகப் பழையது. நாசரேத்துத் தொழுகைக்கூடத்தில் இயேசு எழுந்து எசாயாவின் சுருளேட்டை வாசித்ததை லூக்கா 4-ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் உரோமையில் எழுதிய மறைச்சாட்சி புனித ஜஸ்டின், ஞாயிறு வழிபாட்டைப் பற்றிச் சொல்லும்போது, திருத்தூதரின் நினைவுக் குறிப்புகளோ இறைவாக்கினரின் நூல்களோ நேரம் இருக்கும்வரை வாசிக்கப்பட்டன என்கிறார். அது முடிந்ததும் தலைமை தாங்குபவர் எழுந்து, கேட்டவற்றை வாழ்ந்து காட்டும்படி அறிவுரை கூறினாராம். இன்றைய மறையுரையின் வேர் அங்கே இருக்கிறது.

காலப்போக்கில் இன்ன நாளுக்கு இன்ன வாசகம் என்று நிலைபெற்றது. பல நூற்றாண்டுகள் ஒரே ஆண்டுச் சுழற்சிதான். அதே பகுதிகள் ஒவ்வோர் ஆண்டும் திரும்பி வந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய ஏற்பாடு காதில் விழுவதே அரிது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பரில் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத்திரட்டு, விவிலியத்தின் கருவூலங்களை மக்களுக்கு இன்னும் தாராளமாகத் திறந்துவிட வேண்டும் என்று கேட்டது. அதன் பலனாகத் திருத்தந்தை ஆறாம் பவுல் காலத்தில், 1969-இல் புதிய வாசக அமைப்பு வெளிவந்தது. அந்த ஆண்டுத் திருவருகைக்காலத்திலிருந்து, அதாவது கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்தைய தயாரிப்புக் காலத்திலிருந்து, அது புழக்கத்துக்கு வரத் தொடங்கியது. 1981-இல் அதன் இரண்டாம் பதிப்பு வெளியானது. பிற்பாடு பல புராட்டஸ்டன்ட் சபைகளும் இந்த ஞாயிறு அமைப்பை அடிப்படையாகக் கொண்டு தங்களுக்கென்று ஒரு பட்டியலை உருவாக்கிக்கொண்டன.

உலகம் முழுவதும் இலத்தீன் வழிபாட்டு முறையைப் பின்பற்றும் கத்தோலிக்கர்கள் சாதாரணமாக ஒரே நாளில் ஒரே வாசகத்தைக் கேட்கிறார்கள். கீழைக் கத்தோலிக்கத் திருச்சபைகளுக்கும், மிலான் நகரின் அம்புரோசிய வழிபாட்டு முறைக்கும் தனித்தனி அமைப்புகள் உண்டு.

வாரநாள் வாசகங்கள்: ஒரே இதழில் இரண்டு தொடர்கதைகள்

வாரநாள் திருப்பலியில் சாதாரணமாக முதல் வாசகம், பதிலுரைப் பாடல், நற்செய்தி என்று மூன்று இருக்கும். பதிலுரைப் பாடல் என்பது முதல் வாசகத்துக்கு நாம் தரும் பதில். பெரும்பாலும் திருப்பாடல்களிலிருந்து, முதல் வாசகத்துக்குப் பொருந்துமாறு எடுக்கப்படும். இதுவரை சிக்கல் இல்லை. முதல் வாசகத்துக்கும் நற்செய்திக்கும் என்ன தொடர்பு என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள்.

ஒரு வார இதழில் இரண்டு தொடர்கதைகள் வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் முதல் கதையில் ஒருவர் ரயில் ஏறுகிறார், இரண்டாவது கதையில் ஒரு வீட்டில் திருமணம் நடக்கிறது. ரயிலுக்கும் திருமணத்துக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்க மாட்டார்கள். இரண்டும் தனித்தனிக் கதைகள், ஒரே இதழில் வருகின்றன, அவ்வளவுதான். ரயில் ஏறியவர் யார் என்று தெரிய வேண்டுமானால் அந்தக் கதையின் போன வாரப் பகுதியைத்தான் பார்க்க வேண்டும்.

பொதுக்காலத்தின் வாரநாள்கள் ஏறக்குறைய இப்படித்தான் ஓடுகின்றன. பொதுக்காலம் என்பது திருவருகைக்காலம், கிறிஸ்து பிறப்புக்காலம், தவக்காலம், உயிர்ப்பு விழாவிலிருந்து தொடரும் பாஸ்கா காலம் ஆகியவை போக மீதியுள்ள 33 அல்லது 34 வாரங்கள். இந்த நாள்களில் நற்செய்தி ஒரு தொடராகவும் முதல் வாசகம் இன்னொரு தொடராகவும் போகின்றன. நற்செய்தித் தொடர் ஒவ்வோர் ஆண்டும் ஒன்றுதான்: முதல் 9 வாரங்கள் மாற்கு, 10 முதல் 21 வரை மத்தேயு, 22 முதல் 34 வரை லூக்கா. முதல் வாசகத் தொடருக்கு மட்டும் இரண்டு ஆண்டுச் சுழற்சி. ஒற்றைப்படை ஆண்டில் ஒரு வரிசை, இரட்டைப்படை ஆண்டில் வேறு வரிசை.

பொதுக்காலம் 2-ஆம் வாரப் புதனை எடுத்துக்கொள்வோம். நற்செய்தி எந்த ஆண்டிலும் மாற்கு 3:1-6, கை சூம்பியவரை இயேசு ஓய்வுநாளில் குணமாக்கும் நிகழ்ச்சி. முதல் வாசகம் ஒற்றைப்படை ஆண்டில் எபிரேயர் திருமுகத்திலிருந்து, பழைய ஏற்பாட்டில் வரும் குருவும் அரசருமான மெல்கிசதேக்கைப் பற்றியது. இரட்டைப்படை ஆண்டில் 1 சாமுவேலிலிருந்து, தாவீது கோலியாத்தை வீழ்த்திய கதை. நற்செய்தி மாறாமல் நிற்க முதல் வாசகம் மட்டும் மாறுகிறது என்றால், இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று பொருத்தம் பார்த்துச் சேர்க்கப்படவில்லை என்பது வெளிப்படை. ஆனாலும் கவணையும் சூம்பிய கையையும் எப்படியாவது முடிச்சுப்போடப் பாடுபடும் சிந்தனைகளை நிறையப் பார்க்கலாம். சில நாள்களில் அழகான இணைப்பு தானாகக் கண்ணில் படும், அப்போது மகிழ்ச்சியோடு எடுத்துக்கொள்ளுங்கள். படாத நாளில் வலிந்து தேட வேண்டாம். ஏதாவது ஒன்றில் நின்று நிதானமாகச் சிந்தித்தால் போதும்.

தொடரைப் பின்பற்றும்போது கிடைப்பது இதைவிடப் பெரிது. அந்தப் புதன் நற்செய்தி தனியாக வரவில்லை. அது ஐந்து மோதல்களில் ஐந்தாவது. முதல் வார வெள்ளியன்று முடக்குவாதமுற்றவரின் பாவங்களை இயேசு மன்னிக்கிறார். மறைநூல் அறிஞர்கள் வாய் திறக்கவில்லை, உள்ளத்துக்குள் முணுமுணுக்கிறார்கள். சனியன்று லேவியின் வீட்டில் விருந்து. இப்போது வாய் திறக்கிறார்கள், ஆனால் இயேசுவிடம் கேட்காமல் சீடரிடம் கேட்கிறார்கள். திங்களன்று நோன்பைப் பற்றிய கேள்வி நேராக இயேசுவிடமே வருகிறது. செவ்வாயன்று சீடர்கள் கதிர் கொய்ததும் பரிசேயர் சட்டம் காட்டிக் குற்றம் சாட்டுகிறார்கள். புதனன்று குற்றம் கண்டுபிடிப்பதற்கென்றே உற்றுப் பார்த்துக் காத்திருக்கிறார்கள், கடைசியில் வெளியே போய் ஏரோதியரோடு, அதாவது ஏரோது ஆட்சியின் ஆதரவாளர்களோடு, சேர்ந்து அவரை ஒழிக்கத் திட்டம் போடுகிறார்கள். மனத்துக்குள் எழுந்த ஒரு முணுமுணுப்பு ஐந்தே பகுதிகளில் கொலைத் திட்டமாக வளர்ந்துவிடுகிறது. புதன் வாசகத்தை மட்டும் படித்தவர் ஓர் அற்புதத்தைப் பார்ப்பார். வெள்ளியிலிருந்து தொடர்ந்து படித்தவருக்குத் தன் மனத்தில் கிடக்கும் முணுமுணுப்பு நினைவுக்கு வரும்.

ஞாயிறும் சிறப்புக் காலங்களும்

ஞாயிற்றுக்கிழமை விதி வேறு. அங்கே மூன்று ஆண்டுச் சுழற்சி: ஏ ஆண்டில் மத்தேயு, பி ஆண்டில் மாற்கு, சி ஆண்டில் லூக்கா. எந்த ஆண்டு என்று தெரிய ஆண்டின் எண்ணை 3-ஆல் வகுத்துப் பாருங்கள். மீதி இல்லையென்றால் சி, மீதி 1 என்றால் ஏ, 2 என்றால் பி. 2025 சி ஆண்டு, 2026 ஏ ஆண்டு. திருவழிபாட்டு ஆண்டு ஜனவரியில் தொடங்குவதில்லை என்பதை மட்டும் மறக்க வேண்டாம். நவம்பர் கடைசியிலோ டிசம்பர் தொடக்கத்திலோ வரும் திருவருகைக்கால முதல் ஞாயிறுதான் புத்தாண்டு.

யோவானுக்குத் தனி ஆண்டு இல்லை. தவக்காலத்திலும் பாஸ்கா காலத்திலும் அவர் நிறைய வருகிறார். மாற்கு சிறிய நற்செய்தி என்பதால், பி ஆண்டில் பொதுக்கால 17 முதல் 21 வரையிலான ஐந்து ஞாயிறுகளில் யோவான் 6-ஆம் அதிகாரம், வாழ்வுதரும் உணவைப் பற்றிய உரை, வாசிக்கப்படுகிறது.

பொதுக்கால ஞாயிறுகளில் முதல் வாசகம் நற்செய்திக்குப் பொருந்தும்படியே தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது. எனவே அன்று இரண்டுக்கும் இடையே தொடர்பைத் தேடுவது நியாயம்தான், தேடினால் கிடைக்கும். இரண்டாம் வாசகம் மட்டும் திருமுகங்களிலிருந்து தன் போக்கில் தொடராக வரும். திருவருகைக்காலம், தவக்காலம் ஆகியவற்றின் வாரநாள்களிலும் இரண்டு வாசகங்களுக்கும் பெரும்பாலும் தொடர்பு இருக்கும். பாஸ்கா கால வாரநாள்களில் திருத்தூதர் பணிகள் நூல் முதல் வாசகத் தொடராக ஓடுகிறது.

சுருக்கமாக: வாரநாளில் நேற்றைய பகுதியைப் பாருங்கள். ஞாயிறன்று முதல் வாசகத்தையும் நற்செய்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

வாசக நூலில் இல்லாதவை

மூன்று ஆண்டு தவறாமல் திருப்பலிக்குப் போனால் முழு விவிலியத்தையும் கேட்டுவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. புதிய ஏற்பாட்டின் பெரும்பகுதி வரும். பழைய ஏற்பாட்டில் தேர்ந்தெடுத்த பகுதிகள் மட்டும்தான் வரும், அவற்றிலும் இடையிடையே வசனங்கள் விடப்பட்டிருக்கும். மேலே சொன்ன தாவீது வாசகம் 1 சாமுவேல் 17-இல் 32, 33, 37, 40-51 என்று தாண்டித் தாண்டிப் போகிறது. இடையில் விட்ட 34 முதல் 36 வரையிலான வசனங்களில், ஆடு மேய்த்தபோது சிங்கத்தையும் கரடியையும் அடித்துக் கொன்றதை தாவீது சவுலிடம் விவரிக்கிறார். 38, 39-இல் சவுலின் போர்க்கவசத்தை அணிந்து பார்க்கிறார், அதோடு நடக்க முடியாமல் கழற்றி வைக்கிறார். கவசத்தைக் கழற்றும் காட்சி அந்தக் கதையின் உயிர் என்றே சொல்வேன். திருப்பலியில் அது காதில் விழாது.

ஆகவே வாசகத்தைத் தாளிலோ கைப்பேசியிலோ மட்டும் படிக்காமல் விவிலியத்தையே திறந்து, விட்டுப்போன வசனங்களோடும் முன்பின் பகுதிகளோடும் படியுங்கள். கூடுதலாக இரண்டு நிமிடம் ஆகும், அவ்வளவுதான்.

இறைச்சிந்தனை என்றால் என்ன?

இறைச்சிந்தனை என்பது வாசகத்தைப் பற்றிய கருத்துரை அல்ல. மறையுரையின் சிறிய வடிவமும் அல்ல. இறைவார்த்தையின்முன் அமைதியாக இருந்து, அது சொல்வதைக் கேட்டு, கேட்டதற்குச் செபத்திலும் வாழ்விலும் பதில் சொல்வதே இறைச்சிந்தனை. பிறர் எழுதிய சிந்தனை இதற்கு உதவலாம், வழி காட்டலாம். நமக்குப் பதிலாக அது சிந்தித்துக் கொடுக்க முடியாது. எனவே வரிசை முக்கியம்: முதலில் வாசகம், அடுத்து உங்கள் சொந்தச் சிந்தனை, அதற்குப் பிறகு வேண்டுமானால் இன்னொருவர் எழுதியது.

திருச்சபையில் இதற்கென்று பழைய முறை ஒன்று இருக்கிறது. லெக்சியோ திவினா, அதாவது செபத்தோடு கூடிய வாசிப்பு. 12-ஆம் நூற்றாண்டில் கார்த்தூசிய சபைத் துறவி இரண்டாம் கிகோ அதை வாசித்தல், தியானித்தல், செபித்தல், இறைவனில் நிலைத்திருத்தல் என்று நான்கு படிகளாக விளக்கினார். இந்த முயற்சி செயலில் போய்ச் சேரும்வரை முடிவதில்லை என்று திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட் 2010-இல் வெளியிட்ட ஊக்கவுரையில் சொன்னார். இந்தப் படிகளை மாற்கு 3:1-6-லேயே செய்து பார்ப்போம். கூடவே விவிலியத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

வாசித்தல்: வாசகம் என்ன சொல்கிறது?

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது. இந்தப் பகுதிக்கு “நம் வாழ்வும் சூம்பிய கைபோல் ஆகிவிட்டது, இயேசு தொட்டால் எல்லாம் மாறும்” என்று ஒரு சிந்தனை எழுதுவது சுலபம். ஆனால் இந்தப் பகுதியில் இயேசு அவரைத் தொடவே இல்லை. மறுபடியும் படித்துப் பாருங்கள். எழுந்து நடுவே நிற்கச் சொல்கிறார், கையை நீட்டச் சொல்கிறார், அவ்வளவுதான். அந்த மனிதர் குணம் வேண்டும் என்று கேட்டதாகவும் இல்லை. கடைசிவரை ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

இப்போது மெதுவாக ஒருமுறை. ஓய்வுநாளில் நன்மை செய்வதா தீமை செய்வதா, உயிரைக் காப்பதா அழிப்பதா, எது முறை என்று இயேசு கேட்கிறார். அவர்கள் பேசாமல் இருக்கிறார்கள். அதற்கு அடுத்த வரியில்தான் இயேசு சினத்தோடு சுற்றிலும் பார்க்கிறார், அவர்களது பிடிவாத உள்ளத்தைக் கண்டு வருந்துகிறார். இதே நிகழ்ச்சியை மத்தேயுவும் லூக்காவும் எழுதியிருக்கிறார்கள், ஆனால் அந்தக் கோபத்தைச் சொல்பவர் மாற்கு மட்டும்தான். ஓய்வுநாளில் நன்மை செய்யலாகாது என்று காவல் இருந்தவர்கள், குணமானவரைக் கண்டதும் உடனே வெளியே போய் ஓர் உயிரை ஒழிக்கச் சூழ்ச்சி செய்கிறார்கள். இயேசு கேட்ட கேள்விக்கு அவர்கள் தந்த பதில் அதுதான்.

யார் யார் இருக்கிறார்கள், யார் என்ன செய்கிறார்கள், எந்தச் சொல் திரும்ப வருகிறது, எது நாம் எதிர்பாராதது: இந்த அளவு கவனித்தாலே போதும். மொழியறிவோ இறையியல் படிப்போ தேவையில்லை. புரியாத சொல்லோ வழக்கமோ வந்தால் விவிலியத்தின் அடிக்குறிப்பைப் பாருங்கள், அல்லது தெரிந்தவரிடம் கேளுங்கள்.

தியானித்தல்: எனக்கு என்ன சொல்கிறது?

கவனித்தவற்றில் ஒன்று உங்களை நிறுத்தும். எல்லாவற்றையும் சுமக்க வேண்டாம், அந்த ஒன்றோடு இருங்கள். இந்தப் பகுதியில் என்னை நிறுத்துவது அந்த மௌனம். பதில் தெரிந்தும் பேசாமல் இருந்தார்கள். அலுவலகக் கூட்டத்தில் ஒருவர்மேல் அநியாயமாகப் பழி விழும்போது குனிந்து தாளைப் பார்த்துக்கொண்டிருப்பதும், வீட்டில் ஒருவரை எல்லாரும் சேர்ந்து மட்டம் தட்டும்போது நமக்கென்ன என்று எழுந்து போவதும் இதே மௌனம்தான். வேறொருவரை அந்தக் கை நிறுத்தலாம். மறைத்து வைத்துப் பழகிய கையை அத்தனை பேர் முன்னால், குணமாவதற்கு முன்பே, நீட்ட வேண்டியிருந்தது. தன் பலவீனத்தை யாரிடமும் காட்டாமல் வாழ்பவருக்கு அது வேறு மாதிரி பேசும்.

காட்சிக்குள் தன்னையும் ஓர் ஆளாக நிறுத்திப் பார்க்கும் வழி சிலருக்கு நன்றாக வரும். இலொயோலா புனித இஞ்ஞாசியார் 16-ஆம் நூற்றாண்டில் இதை விரிவாகக் கற்றுக்கொடுத்தார். அந்தத் தொழுகைக்கூடத்தில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள்? இயேசு சுற்றிலும் பார்க்கும்போது அவர் பார்வை உங்கள்மேலும் படுகிறதே, அப்போது என்ன செய்கிறீர்கள்?

செபித்தலும் நிலைத்திருத்தலும்

இதுவரை கடவுள் பேசினார், நாம் கேட்டோம். இனி நாம் பேச வேண்டும். அழகான சொற்கள் வேண்டியதில்லை. “ஆண்டவரே, அன்றைக்கு நான் வாய் திறக்கவில்லை. பயமாக இருந்தது” என்பது முழுமையான செபம். பிறகு சற்று நேரம் எதுவும் பேசாமல், எதையும் யோசிக்க முயலாமல் அவர்முன் இருப்பதுதான் நிலைத்திருத்தல். அதை விளக்கிச் சொல்வது கடினம், உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். எதுவும் தோன்றவில்லை, மனம் அலைந்தது என்றாலும் கவலைப்பட வேண்டாம். அந்த நேரம் வீண் போகவில்லை.

செயல்

“இனிமேல் நியாயத்துக்காகப் பேசுவேன்” என்ற தீர்மானம் மாலைக்குள் கரைந்துவிடும். “இன்றைக்கு மதியம் அவரைப் பார்த்து, அன்றைக்கு உங்களுக்கு நடந்தது தப்பு என்று சொல்வேன்” என்பது நிற்கும். ஓர் ஆள், ஒரு நேரம், ஒரு செயல். வார்த்தையைக் கேட்பவராக மட்டும் இருந்துவிடாமல் அதன்படி செய்பவராகவும் இருங்கள் என்று யாக்கோபு தம் திருமுகத்தின் முதல் அதிகாரத்தில் சொல்வது இதைத்தான்.

சுருக்கமாக: என்ன சொல்கிறது, எனக்கு என்ன சொல்கிறது, நான் கடவுளிடம் என்ன சொல்கிறேன், இன்று என்ன செய்கிறேன். முதல் கேள்வியை மட்டும் எந்த நாளும் தாண்டிக் குதிக்காதீர்கள்.

வழுக்கும் இரண்டு இடங்கள்

முதலாவது, வாசகத்தைக் குறிகேட்பதுபோல் பயன்படுத்துவது. வேலையை விடலாமா என்று குழம்பியிருப்பவர் காதில், வலைகளை விட்டுவிட்டு இயேசுவைப் பின்பற்றிய மீனவர்களின் வாசகம் விழுகிறது. கடவுள் பதில் சொல்லிவிட்டார் என்று ராஜினாமாக் கடிதம் எழுத உட்கார்ந்துவிடுகிறார். அந்த வாசகம் அன்றைக்கு வந்ததற்கு நாள்காட்டி காரணம். கடவுள் அதன் வழியாகப் பேசமாட்டார் என்று நான் சொல்லவில்லை, நிச்சயமாகப் பேசுகிறார். ஆனால் அவர் பேசுவதை நம் ஆசையிலிருந்து பிரித்தறிய நாளும் பொறுமையும் பிறர் ஆலோசனையும் வேண்டும்.

உடனே புனிதர்களை எடுத்துக்காட்டுவார்கள். எகிப்தில் வனத்து அந்தோணியார் கோவிலுக்குள் நுழைந்தபோது, உடைமைகளை விற்று ஏழைகளுக்குக் கொடு என்ற நற்செய்தி வாசிக்கப்பட்டது, அப்படியே செய்தார். உண்மைதான். ஆனால் கோவிலுக்குப் போகும் வழியிலேயே, தொடக்ககாலக் கிறிஸ்தவர்கள் எல்லாவற்றையும் விற்றுத் திருத்தூதரின் காலடியில் வைத்ததைப் பற்றி அவர் யோசித்துக்கொண்டுதான் வந்தார் என்கிறது அவரது வரலாறு. “எடுத்து வாசி” என்ற குரல் கேட்டு 386-இல் மிலானில் புனித அகுஸ்தீனார் திறந்தது பவுலின் திருமுகம். அதற்கு முன்பே அவர் பவுலை ஆழ்ந்து படித்துக்கொண்டிருந்தவர். அசிசியின் புனித பிரான்சிஸ், சீடர் பையும் மிதியடியும் இல்லாமல் அனுப்பப்பட்ட நற்செய்தியைத் திருப்பலியில் கேட்டார். கேட்டவுடன் கிளம்பிவிடவில்லை. திருப்பலி முடிந்ததும் அருள்பணியாளரிடம் போய், இதற்கு என்ன பொருள் என்று விளக்கச் சொல்லிக் கேட்டார். இவர்கள் ஒவ்வொருவரின் வாழ்வையும் ஒரு வாசகம் புரட்டிப்போட்டது என்று சொல்லும்போது இந்த முன்கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, வாசகத்தை அடுத்தவருக்கு அனுப்பிவைப்பது. கேட்கும்போதே “இது அவருக்குத்தான் பொருந்தும்” என்று தோன்றும். திருத்தந்தை பிரான்சிஸ் 2013-இல் எழுதிய ஊக்கவுரையில் இதைச் சோதனை என்றே குறிப்பிடுகிறார்: வாசகம் பிறருக்கு என்ன சொல்கிறது என்று யோசித்து, நம் வாழ்வில் அது படாமல் பார்த்துக்கொள்கிறோம். பிறருக்குப் போதிக்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இது இன்னும் எளிதாக நேரும். மறைக்கல்வி ஆசிரியர்களும் குழுத் தலைவர்களும் பாடத்துக்கான குறிப்பு எடுப்பதை வேறு நேரத்துக்குத் தள்ளிவிட்டு, முதலில் கேட்பவராக உட்காருவது நல்லது.

வறண்ட வாசகம் வரும் நாள்

டிசம்பர் 17 அன்று நற்செய்தி மத்தேயு 1:1-17. ஆபிரகாமிலிருந்து யோசேப்புவரை பெயர், பெயர், பெயர். இதில் என்ன சிந்திப்பது என்று பலர் அன்றைக்கு விட்டுவிடுகிறார்கள். நாமாக ஒரு பகுதியைத் தேர்ந்தெடுப்பதாக இருந்தால் வாழ்நாளில் ஒருமுறைகூட இதை எடுத்திருக்க மாட்டோம். அதனால்தான் தேர்ந்தெடுக்கும் வேலை நம்மிடம் இல்லாமல் இருப்பது நல்லது என்கிறேன். நம் கையில் விட்டால் ஆறுதல் தரும் பத்து இருபது பகுதிகளையே சுற்றிச் சுற்றி வருவோம்.

அந்தப் பட்டியலில் மரியாவுக்கு முன் நான்கு பெண்கள் வருகிறார்கள்: தாமார், இராகாபு, ரூத்து, உரியாவின் மனைவி. மாமனாரால் ஏமாற்றப்பட்டு, மாறுவேடமிட்டுத் தன் உரிமையை வாங்கியவர் ஒருவர். எரிகோவின் விலைமகள் ஒருவர். மோவாபு நாட்டிலிருந்து வந்த விதவை ஒருவர். நான்காமவரின் பெயரைச் சொல்லாமல், யாருடைய மனைவியாக இருந்தார் என்று மட்டும் மத்தேயு எழுதுகிறார். தாவீது உரியாவைக் கொல்ல ஏற்பாடு செய்த பாவம் அந்த வரியிலேயே பதிந்து கிடக்கிறது. மீட்பரின் குடும்ப வரலாற்றை எழுதும்போது இவர்களை விட்டுவிட்டிருக்கலாம், அவர் விடவில்லை. தன் குடும்பத்தில் யாரும் பேசாத ஒரு பெயரைச் சுமந்துகொண்டிருப்பவர் அந்த நாளில் நிறைய நேரம் உட்கார்ந்திருக்கலாம்.

தொடங்குவதற்கு

நேரம் பத்து நிமிடம் போதும். முந்தைய இரவே ஒருமுறை படித்துவிட்டுத் தூங்கினால் காலையில் வாசகம் பழகிய முகமாக இருக்கும். முதலில் நற்செய்தியை மட்டும் எடுங்கள். தொடர் கொஞ்சம் பிடிபட்டதும் முதல் வாசகத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு குறிப்பேட்டில் நாளும் வசனமும் எழுதி, பக்கத்தில் உங்களை நிறுத்திய ஒரு வரியையும் செய்யப்போகும் ஒரு செயலையும் எழுதுங்கள். அதற்குமேல் எழுத வேண்டாம், எழுத்து நீண்டால் செபம் சுருங்கிவிடும்.

அன்றாடத் திருப்பலிக்குப் போக முடியாதவர்களும் இதைச் செய்யலாம். அன்றாட வாசகம் ஒரு கடமை அல்ல, ஞாயிறு திருப்பலிதான் கடமை. ஆகவே சில நாள் விட்டுப்போனால் குற்ற உணர்ச்சியோடு பழைய வாசகங்களை மூட்டையாகச் சேர்த்துப் படிக்கத் தேவையில்லை. தொடர் புரிவதற்காக வேகமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, இன்றைய பகுதியில் உட்காருங்கள். பொதுக்கால வாரநாள் நற்செய்திகள் ஒவ்வோர் ஆண்டும் அதே வரிசையில் வருவதால், இந்த முறை விட்டுப்போனது பெரும்பாலும் அடுத்த ஆண்டு அதே வாரத்தில் வரும்.